தண்ணீர் லாரிக்குப் பேரிங்கா, புஷ்ஷா?

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. பெயரைச் சொன்னால் வருகிற தண்ணீரும் நின்றுவிடும் என்பதால் சொல்லப்போவதில்லை. அதற்குச் சொந்தமாக ஒரு தண்ணீர் லாரி உண்டு. சாரல் தொடங்கி, குற்றாலத்தில் மெயினருவி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த நன்னாளில், எங்கள் தெருவுக்கு வரவேண்டிய அந்த லாரி கிளட்சை மிதித்தாலே ஊளையிட்டது. கியர் விழ மறுத்தது.

ஒர்க்‌ஷாப் துல்கர்னைன் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். கியர்பாக்ஸ் தண்டின் நுனி என்ஜின் பக்கம் போய் உட்காரும் இடத்தில், அதைத் தாங்கிப் பிடிக்கச் சின்னதாக ஒரு சாமான் இருக்கும். அது தேய்ந்திருந்தது. அங்கே உருளை வைத்த பேரிங்கும் போடலாம், வெறும் வளையமான புஷ்ஷும் போடலாம். இரண்டுமே அவர் கடையில் இருந்தன. ஆனால் மனுஷர் மரியாதை தெரிந்தவர், அதுதான் வினை. செயல் அலுவலர் கௌரிசங்கருக்குப் போன் போட்டு, "சார், பேரிங் போடட்டுமா, புஷ் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து கௌரிசங்கரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவர் போனோடு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இது பொதுநலன் சார்ந்த விஷயம். நீங்க கையை வச்சிராதீங்க" என்றார்.

உடனே உயர்மட்டத் தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. புஷ் போட்ட வண்டியில் குழு ஐந்தருவிக்குப் போய்க் குளித்தது. பேரிங் போட்ட வண்டியில் பழைய குற்றாலம் போய்க் குளித்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் வண்டியின் அதிர்வு உடம்பில் துல்லியமாகத் தெரியுமாம். இரண்டு வண்டியிலும் திரும்பும்போது நல்ல பசி எடுத்ததால், இரண்டும் சமம் என்று கண்டறியப்பட்டு, மக்கள் தீர்ப்பே இறுதியானது எனத் தீர்மானம் நிறைவேறியது.

இதில் மாட்டிக்கொண்டது எங்கள் தெரு சனோபர். மகள் ஹஃப்சாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். ஆபீசுக்கே போய்விட்டாள்.

"சார், வீட்டுல கல்யாணம். எதையாவது போட்டு லாரிய அனுப்புங்க."

"எதையாவது போடச் சொல்லுதீங்களே, நாளைக்கே அது தேஞ்சுபோனா?"

"இன்னொண்ணப் போடுங்க."

"அப்ப முதல்ல போட்டது தப்புன்னு ஆயிருமேம்மா!"

இதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியுமா?

கருத்துக்கேட்புக் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. வலப்பக்கம் உட்கார்ந்தால் பேரிங் கட்சி, இடப்பக்கம் உட்கார்ந்தால் புஷ் கட்சி. ஃபேன் வலப்பக்கம் மட்டும்தான் ஓடியது. நாங்கள் முதலில் போனதால் வலப்பக்கம் உட்கார்ந்தோம். பிந்தி வந்த பக்கத்துத் தெருவுக்கு இடப்பக்கம்தான் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கெல்லாம் கொள்கை வந்துவிட்டது.

"பேரிங்னா வழுக்கிக்கிட்டுச் சுத்தும்லே!" என்று நான் கத்தினேன். என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

"பேரிங் ஒடஞ்சா தண்டையே தின்னுரும், தெரியுமாலே?" என்றான் எதிர்வரிசையில் ஒருவன்.

மறுநாள் பேரிங் படம் போட்ட பனியனோடு எங்கள் பையன்கள் அலைந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் புஷ்ஷுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கண்ணில் பட்ட இடமெல்லாம் இதே பேச்சு.

புழுக்கத்தில் வியர்வை சிந்தி அமர்ந்திருந்தோரின் அக்கறையைக் கருத்தில்கொண்டு புஷ்ஷே போடுவதென்று பேரூராட்சி முடிவெடுத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சமையலுக்கு மட்டும் ஆட்டோவில் குடங்குடமாகத் தண்ணீர் பிடித்து வந்திருந்தார்கள். கை கழுவ ஒரு சொட்டுக்கூட இல்லை. பிரியாணி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் ஏந்திய கையோடு பந்தியில் உட்கார்ந்திருக்க, டிரைவர் மாடன் லாரியைச் சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். எனக்கு உயிர் வந்தது. சனோபர் குடத்தோடு ஓடினாள். ஓடியவள் பாதியில் நின்றாள்.

"அண்ணாச்சி, உள்ள என்ன போட்டிருக்கு?"

"புஷ்ஷுதாம்மா. ஜம்முனு ஓடுது."

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்தோம்.

"இது பேரிங் தெரு அண்ணாச்சி. புஷ் லாரித் தண்ணியில எங்க சம்பந்தக்காரங்க கை கழுவணுமா? வண்டியத் திருப்புங்க!"

லாரி பக்கத்துத் தெருவுக்குப் போனது. எங்கள் சனோபரை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவே எழுந்து நின்று கைதட்டியது. சத்தம்தான் சரியாக வரவில்லை, எல்லார் கையிலும் பிரியாணி ஒட்டியிருந்தது.