சுவர் கேட்ட ரத்தம்

அது ஆவணி மாதமா, ஐப்பசியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கப்பாண்டி வந்து இறங்கிய வேன் வெள்ளையா நீலமா என்பதிலும் சந்தேகம்தான். அன்று கூடியிருந்த யாரைக் கேட்டாலும் இதே கதிதான். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வேனின் நிறத்தையா பார்ப்பார்கள்? ஆனால் சுவர் சிவந்தது நிஜம். அதை மட்டும் எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தோம்.

தங்கப்பாண்டிக்கு எங்கள் பக்கம் 'சுவர்ச்சாமி' என்று பெயர். உச்சிப்புளியிலிருந்து அக்காள்மடம் வரை, புது வீடு கட்டியவர்கள் கொத்தனாருக்கு அடுத்தபடி அவரைத்தான் தேடினார்கள். ராமேஸ்வரத்துத் தீர்த்தம் கலந்த மஞ்சள் நீரைச் செம்பில் எடுத்துச் சுவரில் ஊற்றுவார். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் வீடு சுத்தம். சிவந்தால், சுவர் ரத்தம் கேட்கிறது. புது வீட்டுச் சுவர் எதுவும் ரத்தம் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பரிகாரம், ஒரு சேவலும் வேனில் தயாராக இருக்கும் 'சாந்தி பெயிண்ட்'டும். அதை அடித்த பிறகு ஊற்றினால் மஞ்சள் மாறாது. சேவல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. சுவர் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

வீரமணியும் அவன் மனைவி ஜோதிகாவும் எங்கள் தெருவில் கட்டிய வீட்டுக்குத் தாங்களே பெயிண்ட் அடித்தார்கள். இருவருக்கும் முதல் அனுபவம். ஒயிட் சிமெண்ட், பட்டி, பிரைமர் என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சுவரில் விழுந்ததைவிட வீரமணியின் தலையில் விழுந்தது அதிகம். படுக்கையறை பிரைமர் வரைக்கும் முடிந்திருந்தது. ஹாலில் ஒயிட் சிமெண்ட் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து வீரமணியின் தாய் செவ்வந்தி சுவர்ச்சாமியை அழைத்து வந்தாள். தெருவே பின்னால் வந்தது.

ஹாலில் செம்பு கவிழ்ந்தது. சுவரில் சிவப்பு வழிந்து இறங்கியது. உடனே சேவலுக்கு ஆள் போனது.

"இது பொம்பளை கை பட்ட சுவரு தாயி" என்றார் தங்கப்பாண்டி. "பெயிண்டு அடிச்சது யாரு?"

எல்லோருடைய பார்வையும் ஜோதிகாவின் கையிலிருந்த ரோலருக்குப் போனது.

"இந்தப் புள்ள இந்த நிலைவாசலைத் தாண்டக் கூடாது. மீறுனா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. ஒரு வருசம் அவுக அய்யா வீட்டுலயே இருக்கட்டும்."

செவ்வந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏலே வீரமணி, இவளைக் கொண்டுபோயி அபிராமத்துல அவ அய்யா வீட்டுல விட்டுட்டு வாடா. எனக்கு நீ ஒத்தப் புள்ளடா."

வீரமணி பிரைமர் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறக்கவில்லை என்றதும் ஜோதிகாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்: இப்போது பேசாவிட்டால் சாயங்காலம் அபிராமம் பஸ்ஸில் இருப்போம்.

"சாமி, பெட்ரூமையும் நான்தான் அடிச்சேன். அங்கனயும் ஊத்துங்களேன்."

அவர் யோசிப்பதற்குள் கூட்டம் படுக்கையறைக்குள் புகுந்துவிட்டது. ஊற்றினார். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"அந்தச் சுவரு மன்னிச்சுருச்சு" என்றார்.

"ஒரே வீட்டுல ஒரு சுவரு மன்னிக்குது, இன்னொண்ணு மொறைக்குதா?"

"பாத்தியளா, பேசுறது இவ இல்ல, சுவருதான்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சரி சாமி, தோசமே இல்லாத சுவருன்னு இந்த ஊருல ஒண்ணாச்சும் இருக்கா?"

"ஏன் இல்ல? பிள்ளையார் கோயில் சுவரு இருக்கே!"

அவர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிக்கொண்டு அவள் நடந்தாள். திருவிழாவுக்காகக் கோயிலுக்கு முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெளிச்சுவரில் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

ஹால் சுவராவது கொஞ்சம் யோசித்துச் சிவந்தது. கோயில் சுவர் யோசிக்கவே இல்லை.

பிள்ளையார் ரத்தம் கேட்கிறார் என்று சொல்லத் தங்கப்பாண்டிக்கே துணிச்சல் வரவில்லை. கொழுக்கட்டை சாப்பிடுகிற சாமி அது.

"அத்த, இந்தக் கலரை நீங்க வேற எங்கயும் பாத்ததில்லையா?" என்று ஜோதிகா கேட்டாள்.

ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சடங்குக்கும் ஆரத்தி கரைப்பது செவ்வந்திதான். தட்டில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்க வைக்கும் தன் விரல்களை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"அடப் பாவி! இது ஆரத்தியேதான்!"

"அம்புட்டுத்தான் அத்த. சுண்ணாம்புலயும் சிமெண்டுலயும் மஞ்சத்தண்ணி பட்டா செவக்கும். மேல பிரைமரோ பெயிண்டோ இருந்தா செவக்காது."

தட்டில் சிவந்தால் மங்கலம், சுவரில் சிவந்தால் பலி. காலமெல்லாம் அதைக் கரைத்த பெண்களும், காலமெல்லாம் அதைச் சுற்றி வாங்கிக்கொண்ட ஆண்களும் சேர்ந்துதான் சேவலுக்கு ஆள் அனுப்பியிருந்தோம்.

"என் மருமவளையாடா வெரட்டப் பாத்த?" என்று செவ்வந்தி திரும்பியபோது வேன் புறப்பட்டுவிட்டது. அப்போதும் யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை.

வீரமணி ரோலரை எடுத்து ஜோதிகாவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீங்களே அடிங்க. பொம்பளை கை பட்டா ஆகாது."

இருவரும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். வீரமணி தனியாக அடித்த ஹாலில் ரோலர் தடம் கோடு கோடாகத் தெரிகிறது. வேறு தோஷம் இல்லை. கோயில் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள். செவ்வந்தி இப்போதும் ஆரத்தி கரைக்கிறாள். சேவல் பிழைத்தது. தங்கப்பாண்டி இப்போது தொண்டிப் பக்கம், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு போர்வெல் போட இடம் சொல்கிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லையாம்.

சுவரில் பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். நம் மண்டையில் மட்டும் எவன் எதைப் பூசினாலும் உடனே பிடித்துக்கொள்கிறது. உப்புத்தாளை முதலில் அங்கே போட்டுத் தேய்க்கலாம்.