குவைத்துக்கு இரண்டரை மணித்தியாலம்

குறிஞ்சாக்கேணி,
12.03.1979

கண்ணியத்துக்குரிய மச்சான் அன்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம், என்னைத் தவிர.

நிற்க, மகன் அஸீமுக்கு நீங்கள் கொழும்பில் எடுத்து அனுப்பிய குவைத் டிக்கட் கிடைத்தது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுநாயக்காவில் காலை பத்துக்குப் புறப்பட்டு, குவைத்தில் பன்னிரண்டரைக்கு இறங்குமாம். கிண்ணியாத் துறையில் முப்பது வருடம் பாதைப் படகு ஓட்டி, ஆட்களையும் மாடுகளையும் அக்கரை சேர்த்து, புறப்பட்ட நேரமும் சேர்ந்த நேரமும் எழுதிவைத்தவன் நான். எனக்கு யாரும் கணக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டரை மணித்தியாலம்! துறைமுகக் கந்தோர் இரத்தினசிங்கத்தாரிடம் தூரம் கேட்டேன். சுவரில் இருந்த வரைபடத்தில் நூல் பிடித்து, "ரெண்டாயிரத்து ஐந்நூறு மைல் வரும், காக்கா" என்றார். அப்படியென்றால் மணிக்கு ஆயிரம் மைல். கொழும்புக்கு நூற்றறுபது மைல் போக பஸ்ஸுக்கு ஒன்பது மணித்தியாலம். அதற்கே உங்கள் மருமகன் கந்தளாயில் ஒருதரம், ஹபரணையில் ஒருதரம் சத்தி எடுத்தவன். இவனிடம் சொன்னால் சிரிக்கிறான். "பயப்புடாதீங்க வாப்பா, பெல்ட் போட்டுக் கட்டுவாங்களாம்" என்கிறான். பயமில்லாத இடத்தில் எதற்குக் கட்டுகிறார்கள்? எங்கள் பாதையில் மாட்டைத்தான் கட்டினோம்.

பிள்ளையை விடமாட்டேன் என்று மூன்று நாளாகக் குசினியை விட்டு வராதிருந்த உங்கள் சகோதரி ஜெமீலா, இந்தக் கணக்கைக் கேட்டதும் மாறிவிட்டாள். "கொழும்ப விடக் கிட்டத்தானே! விடிய சுபஹுக்குப் பொறகு வெளிக்கிட்டா பகல் லுஹருக்கு முந்தி ஊட்டுக்கு வந்திருவான். என்ட புள்ள போகட்டும்" என்று மீன் பொரிக்கிறாள். சூடாறுமுன் போய்ச் சேருமாம்.

ஆகையால் மச்சான், டிக்கட் எடுத்த இடத்துக்கு உடனே போய், இதில் பாதி வேகத்தில் போகும் விமானமாக மாற்றித் தரவும். நேரம் கூடினால் கூடட்டும். எனக்கு இருப்பது ஒரே ஆண்பிள்ளை.

பிள்ளைகளுக்கு என் ஸலாம். உங்கள் வீட்டில் பரக்கத்தும் ஆரோக்கியமும் நிறையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஸைனுலாப்தீன்

பி.கு.: தபாற்கந்தோர் வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். ஒட்டப்போன நேரத்தில் இரத்தினசிங்கத்தார் வந்தார். விசயத்தைச் சொன்னேன். "காக்கா, அங்கத்தை மணிக்கூடு எங்கடையை விட ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. பறக்கிறது அஞ்சு மணித்தியாலம்" என்றார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்கள் தூரம்தானே கேட்டனீங்கள்" என்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நான் கேட்ட பாதி வேகம் இதுதான். சந்தோசப்பட வேண்டியவன், இங்கே சனத்துக்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறேன். பிள்ளை இன்னும் புறப்படவே இல்லை, அதற்குள் இரட்டிப்புத் தூரம் போய்விட்டான். வழியனுப்ப ஜெமீலாவும் கொழும்புக்கு வருகிறாள். அவள் கேட்டால் இரண்டரை மணித்தியாலம் என்றே சொல்லுங்கள்.