அதிகாரிக்காக வாங்கிய ப்ரோக்கோலி

அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் குற்றவாளி வக்கீலைத் தேடுவான், குடும்பத்தலைவன் துடைப்பத்தைத் தேடுவான். நான் தேடியது துடைப்பம். கூடவே ப்ரோக்கோலி.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்போது எட்டு வயதாகியிருந்த என் மகள் நிலாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு எவ்வளவு என்று பதினொரு முறை கேட்டேன். பதினொரு விதமான பதில் வந்தது. (ஒண்ணுகூட ஐம்பத்தாறு இல்லை. தப்பித்தவறிக்கூடவா வராது?) பன்னிரண்டாவது முறை அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

"பத்து நிமிஷம் அங்கேயே நின்னு யோசி. அப்புறம் உள்ள வரலாம்."

என் மனைவி மாலதி தாதி. அன்று அவளுக்கு மருத்துவமனையில் வேலை. ஆகவே அந்தப் பத்து நிமிடத்தைக் கவனிக்க வேண்டிய ஒரே ஆள் நான். அந்த நேரம் பார்த்து குமார் ஃபோன் செய்தான். என்னோடு வேலை பார்ப்பவன். எங்கள் மேலாளரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கவைப்பான். அன்றும் பேசிக் காட்டினான். முக்கால் மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து கதவைத் திறந்தேன். நிலாவின் செருப்பு இருந்தது, நிலா இல்லை.

எங்கள் வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், ஒன்பதாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். அவள் பெயரைக் கத்திக்கொண்டே போனேன். அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னத் தலையைத் தேடிய அந்த இருபது நிமிடத்தைப் பற்றி மட்டும் என்னால் இன்றும் நகைச்சுவையாக எழுத முடியாது.

கடைசியில் ஒரு பூக்கடையில் இருந்தாள். பிளாஸ்டிக் முக்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஏன் தனியாக வந்தாய் என்று பூக்கடை அக்கா கேட்க, "அப்பா வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாரு" என்றிருக்கிறாள். அக்கா போலீசுக்குச் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார். (அன்னிக்கு எனக்கு அப்படித் தோணலை.)

இரண்டு நாள் கழித்து குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து ஃபோன் வந்தது. பெயர் ஃபரிதா. நல்ல தமிழ், மரியாதையான குரல்.

"வியாழக்கிழமை வீட்டுக்கு வரோம் சார். நிலாகிட்ட தனியா பேசணும். உங்ககிட்டயும் உங்க மனைவிகிட்டயும் தனித்தனியா பேசணும்."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறார்கள்.

மாலதி அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. இப்போது பேசினாள். "வரட்டும். நான் கேக்க வேண்டியத அவங்க கேக்கட்டும்."

எனக்கு ஆலோசனை சொல்ல மிஞ்சியிருந்தது குமார் மட்டும். "முதல்ல ஃப்ரிட்ஜத்தான் திறந்து பாப்பாங்க லா. அப்புறம் பிள்ளைகிட்ட கேள்வி கேப்பாங்க. இப்பவே ரெடி பண்ணிடு" என்றான். குமாருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது ஒரு குறையாக எனக்கு அப்போது படவில்லை.

ஃப்ரிட்ஜை நிரப்பினேன். மூன்று தட்டு முட்டை, நான்கு வகைப் பழம், ஒரு படை சாப்பிடும் அளவுக்கு ப்ரோக்கோலி. பிறகு நிலாவை உட்காரவைத்து ஐந்து பதில்களை மனப்பாடம் செய்யவைத்தேன். (வாய்ப்பாடே ஏறாத பிள்ளைக்கு!)

வியாழக்கிழமை ஃபரிதாவும் இன்னொரு அதிகாரியும் வந்தார்கள். ஃபரிதாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். உட்கார்வதற்குள் நானே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன்.

"நிறைய ப்ரோக்கோலி வச்சிருக்கீங்க சார்."

"பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் மிஸ்."

நிலா எட்டிப் பார்த்தாள். "அதுவா? அது என்னப்பா?"

மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஃப்ரிட்ஜை மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஃபரிதா, "ஸ்கூல் எப்படி இருக்கு நிலா?" என்று கேட்டதும், என் மகள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"என் தந்தை மிகவும் அன்பானவர். அவர் என்னை ஒருபோதும் வெளியே நிறுத்தியதில்லை." என்னைப் பார்த்தாள். "அப்பா, மூணாவது என்ன?"

ஃபரிதாவின் பேனா நின்றது. "சார், சொல்லிக்கொடுத்தீங்களா?"

"சும்மா... கொஞ்சம் ரிவிஷன் மிஸ்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "பிள்ளையத் தூக்கிட்டுப் போக நாங்க வரல சார். முடிஞ்ச வரைக்கும் வீட்லயே பத்திரமா இருக்கணும்னுதான் பாப்போம். ஆனா நீங்க எழுதிக்கொடுத்ததச் சொன்னா, அவ மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

நிலாவை அறைக்குள் அழைத்துப்போய் அரை மணி நேரம் பேசினார். நான் ஒரே கோப்பையை நாலு முறை கழுவினேன். உள்ளே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. (இதுல சிரிக்க என்ன இருக்கு?)

வெளியே வந்ததும், "நிலா உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்று ஆரம்பித்தார். "வெளிய நின்னப்ப அவளுக்குப் பயமில்லையாம். உள்ள நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சாம். நான் இல்லன்னா அப்பா சந்தோஷமா இருக்காருன்னு நினைச்சுத்தான் கீழ இறங்கிப் போனாளாம்."

நான் தயார் செய்து வைத்திருந்த ஐந்து பதிலில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. நிலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழுதேன். மாலதிதான் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரத்தில் அவள் எனக்குக் கொடுத்த முதல் பொருள் அது.

பிறகு மூன்று மாதம். ஃபரிதா கேட்டதையே பள்ளி ஆலோசகர் கேட்டார், ஆலோசகர் கேட்டதையே பெற்றோர் வகுப்பில் கேட்டார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி ஃபரிதா கேட்டார். "அப்ப எங்க இருந்தீங்க? என்ன நினைச்சீங்க?" சொல்லிச் சொல்லி, என் முட்டாள்தனத்தை மூன்று மொழியில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் ஒரு தடவைகூட யாரும் என்னை மிரட்டவில்லை. எரிச்சல்பட ஒரு நியாயமான காரணம்கூடக் கொடுக்காத மனிதர்கள்.

முதல் மாதத்திலேயே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பயமாக இருந்தால் நிலா யார் வீட்டுக்குப் போகலாம் என்று அதில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்றும் இருந்தது: மாலதி வீட்டில் இருந்தால், கீழே இறங்கி, கோபம் தணியும்வரை நடக்க வேண்டும். அவள் இல்லாத நாளில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது.

நடந்தேன். நிலாவுக்குப் பள்ளியில் பின்னங்கள் நடத்திய ஆண்டில் தினமும் நடந்தேன். கோப்பிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "இன்னிக்கு என்ன அண்ணே, வகுத்தலா?" என்று கேட்கத் தொடங்கினார். அதிகாரிகள் விசாரணையை முடித்து எங்களை விட்டுவிட்ட பிறகும் நடை நிற்கவில்லை.

போன வருடம் மருத்துவப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், பழைய அறிக்கையைப் பார்த்தார். "ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கீங்க! அப்படி என்ன செய்யிறீங்க?" என்று வியந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாலதி சொன்னாள்:

"பொண்ணு கணக்குல வீக், டாக்டர்."