மூன்று பெல்லும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

ஊரிகம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி இன்பராஜ் அவர்களுக்கு அப்பாதுரை வணக்கத்துடன் எழுதுவது. பகவன் புத்தரின் கருணையால் நானும் என் மனைவி சின்னம்மாவும், மகன் பாரியும், உங்கள் மகள் மாயாவும் நலம். உங்கள் நலமும், தனியாக உங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. மாயா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கையில் லேப்டாப் கேமராவில் எங்கள் சின்னஞ்சிறு சுரங்க லைன் வீடு முழுக்கத் தெரிகிறது, மானம் போகிறது, அதனால் அவளை ஆம்பூருக்கே அழைத்துக்கொள்கிறேன் என்று பாரியிடம் போனில் சொன்னீர்களாம். சம்பந்தி, ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் ஷாப்ட் குழியின் வாயில் நின்று பெல் அடித்து, ஷிப்ட் ஷிப்டாக ஆட்களைக் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்கியவன் நான். கடுகளவு ஓட்டையைக் காவல் காக்க மாட்டேனா?

முதலில் சின்னம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் கேமரா மேல் ஒட்டினேன். "மாமா, மீட்டிங்ல மூஞ்சி காட்லன்னா மேனேஜர் கேப்பாரு, எடுத்துடுங்க" என்றாள் மாயா. சரி, மீட்டிங் நேரத்துக்குச் சுரங்கச் சட்டம்தான் லாயக்கு என்று கதவில் சைக்கிள் பெல் ஒன்றைக் கட்டினேன். மூன்று பெல் என்றால் கேஜில் ஆள் இருக்கிறது, அதாவது கேமரா திறந்திருக்கிறது, யாரும் அசையக் கூடாது. ஒரு பெல் என்றால் கேஜ் நின்றுவிட்டது, இறங்கலாம். சின்னம்மாவும் சுரங்கக்காரர் மகள், சொல்லித்தர வேண்டியதே இல்லை. செவ்வாய்க்கிழமை நான் மூன்று பெல் அடித்தபோது தலையில் ஈரத்துண்டும் கையில் முறமுமாக மாயாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நானோ அடுத்த பெல்லை மறந்து ஆண்டர்சன்பேட்டைக்கு மீன் வாங்கப் போய்விட்டேன். பின்னால் இருப்பது பொம்மையா என்று மேனேஜர் கேட்க, பொம்மை தும்மியதாம். நான் திரும்பி வந்ததும், "இன்னாங்க, மனுசனா நீங்க? காலு மரத்துப் போச்சி, பெல்ல அடிங்க!" என்றாள். அதையும் அசையாமலேதான் சொன்னாள். இதில் குற்றம் சட்டத்துடையது அல்ல, மீனுடையது.

உங்கள் வீட்டில் மாடியறை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. ஆனால் சம்பந்தியம்மாள் சீரியல் வைத்தால் அந்த அழுகை ரயில்வே கேட் வரை கேட்குமே, மீட்டிங்கில் கேட்காதா? இது நமக்குள் இருக்கட்டும், அவர் காதுக்குப் போக வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன். பாரி விடியலில் பெங்களூர் ரயில் ஏறினால் இருட்டித்தான் வருகிறான். பகலில் இந்த வீட்டின் கலகலப்பே மாயாதான். அவளை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை.

இப்போதும் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். மாயா எதையோ திறந்துவைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள். மேலே சின்ன விளக்கு எரிந்தது. பொட்டை ஒட்டினேன், அடங்கிவிட்டது. ஆபீஸ் ரகசியம் என் கண்ணில் படாதிருக்க, பொட்டை மட்டும் விட்டுவிட்டுத் திரையைத் துண்டால் மூடிவிட்டேன். இனி ஓர் எறும்புகூடத் தெரியாது, நிம்மதியாக இருங்கள்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக, உங்கள் முழங்கால் முதலில்.

அன்புள்ள,
அப்பாதுரை

பி.கு.: மாயா வந்து துண்டை எடுத்தாள். "அய்யோ மாமா, லைட்டு மேல ஒட்டிகிறீங்க, கேமரா பக்கத்துல கீது! எங்கம்மாவுக்கு வீடியோ கால் போட்டுட்டுத்தான் பால் வாங்கப் போனேன்" என்றாள். திரையில் நீங்கள், பக்கத்தில் சம்பந்தியம்மாள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. வேறு வழி தெரியாமல் ஒரு பெல் அடித்தேன். அதன் பிறகுதான் சம்பந்தியம்மாள் வாயைத் திறந்தார்: "மாயா அங்கயே இருக்கட்டும். இங்க வந்தா நான் எப்படி சீரியல் பாக்கறது?" நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது என்பதற்காகவே இதைத் தபாலில் போடுகிறேன்.