இல்லாத காருக்கு நாலு சக்கரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே கன்வேயரைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு விதமாக இருந்தால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இந்தக் கடிதத்தில் இடம் போதாது. போனில் சொன்னால் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மச்சான்" என்கிறீர்கள். அதற்கு மேல் பேசினால் "புகாரை எழுத்துல குடுங்க" என்கிறீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

எங்கள் கார் தொழிற்சாலையில் கார்களை ஒவ்வொரு பிரிவாக நகர்த்திக்கொண்டு போகும் கன்வேயரை ஓட்டுவதற்குப் போன மாதம் நீங்கள் ஒரு புது மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வேறு யாருக்கோ போக இருந்த வேலையை, "எங்க மாப்பிள்ளை கெட்டிக்காரர் சார்" என்று மேலாளரிடம் நாலு தடவை சொல்லி உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான் என்று அப்போது தெரியவில்லை. கிளம்புகிற அன்று மேலாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "சார், ஒரு வண்டி உள்ள வந்துட்டா, முழு வண்டியா வெளிய போய் வித்தாத்தான் அதோட கணக்கு தீரும். நடுவுல என்னைத் தவிர யாரும் அழிக்க முடியாது." எல்லாருக்கும் முன்னால் கை தட்டியவனும் நான்தான்.

நான் மேற்பார்வை பார்க்கும் ஷிப்டில் ஒரு பழக்கம் உண்டு. உங்களிடம் யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கார் பாடியைச் சுமந்துகொண்டு நகரும் இரும்புச் சட்டத்தை ஸ்கிட் என்போம் அல்லவா, அது சில சமயம் பாடி இல்லாமல் காலியாகவும் போகும். அதில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டால், கழுவிய பாடிகளின் ஈரம் காய்கிற சூட்டறை வழியாகப் போய், சாப்பாட்டு மணி அடிக்கும்போது வெதுவெதுப்பாகத் திரும்பி வரும். பழைய கன்வேயர் இதையெல்லாம் கண்டுகொள்ளாது, அது பாட்டுக்கு ஓடும். உங்கள் மென்பொருளுக்கோ வாசலிலேயே ஒரு கண் இருக்கிறது. ஸ்கிட்டுக்கு மேலே போகும் ஒளிக்கதிரை எது மறைத்தாலும் அதைக் கார் என்று முடிவு கட்டிவிடுகிறது. மற்றவர்களுடையது தட்டை டப்பா, தப்பித்துக்கொண்டது. ஒருவருடையது மட்டும் ஐந்தடுக்கு. அது யாருடையது என்பது இந்தப் புகாருக்குத் தேவையில்லாத விஷயம்.

ஐந்தடுக்குக்கு உங்கள் மென்பொருள் ஒரு வண்டி எண் கொடுத்தது, இளநீலம் என்று நிறம் ஒதுக்கியது, சூட்டறையோடு விடாமல் நேராகப் பெயிண்ட் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே இருக்கிற இயந்திரக் கைகள் சொன்னதைச் செய்கிறவை, எதிர்க்கேள்வி கேட்காதவை. டப்பா திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "மூடி எது, அடுக்கு எதுன்னே தெரியலையே! இதை எப்படித் திறக்கறது?" என்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி கத்தியால் நெம்பிப் பார்த்துவிட்டுக் கத்தியைத்தான் உடைத்தாள். அன்று மத்தியானம் நான் பிஸ்கட் தின்றேன்.

டப்பாவை எடுத்தாகிவிட்டதே, இத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்கள் மென்பொருள் ஒரு தடவை நம்பிவிட்டால் நம்பியதுதான். வாசலில் பார்த்ததோடு சரி, பிறகெல்லாம் மனக்கணக்கு. காலி ஸ்கிட் பாகம் பூட்டுகிற பிரிவுக்கு வந்து நின்றது. கூடவே கிடங்கிலிருந்து அதற்கென்று நாலு சக்கரமும் ஐந்து பேர் உட்காரும் சீட்டும் முன்கண்ணாடியும் வந்து இறங்கின. ஒவ்வொருவரும் 'வேலை முடிந்தது' என்று பட்டனை அமுக்கினால்தான் கன்வேயர் நகரும், இல்லாவிட்டால் பின்னால் வருகிற அத்தனை காரும் நிற்கும். கண்ணாடி ஒட்டுகிறவர் ஓடி வந்தார்.

"அண்ணே, கண்ணாடியை எதுல ஒட்டறது?"

"பட்டனை அமுக்குப்பா."

"ஒட்டாமலா?"

"ஒட்டினதா நெனச்சுக்கிட்டு அமுக்கு."

அமுக்கினார். சக்கரக்காரர் அமுக்கினார், சீட்டுக்காரர் அமுக்கினார். மிஞ்சிய சீட்டுகளைச் சுவரோரம் போட்டு இப்போது அதில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறோம், முதுகுக்கு நன்றாக இருக்கிறது. கடைசியில் தரம் பார்க்கும் அம்மாவிடம் போயிற்று. பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பட்டப்பெயர், எந்தக் காரையும் நாலு குற்றம் சொல்லாமல் விட்டதில்லை. காலி ஸ்கிட்டைச் சுற்றி வந்து, திரையில் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "கீறல் இருக்கா? இல்ல. கதவுல சத்தம் வருதா? வரல. தண்ணி ஒழுகுதா? ஒழுகல. நான் பொய் சொல்ல மாட்டேம்பா" என்று எல்லாவற்றுக்கும் இல்லை போட்டு அனுப்பிவிட்டார்.

இனிமேல்தான் மாப்பிள்ளை வினை. செய்து முடித்த கார்களை நிறுத்தும் மைதானத்தில் காவலாளி எண்ணிப் பார்த்து, "இளநீலத்துல ஒண்ணு குறையுது" என்றார். மறுபடி எண்ணினார்கள். கேமராவைப் பார்த்தார்கள். கார் வெளியே போகவில்லை, உள்ளேயும் இல்லை. கடைசியாக அது இருந்தது என் ஷிப்டில். மேலாளர் கூப்பிட்டார். "சார், அது கார் இல்ல, சாப்பாட்டு டப்பா" என்றேன். "என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றார். சனிக்கிழமைக்குள் கார் வர வேண்டும், இல்லாவிட்டால் நான் போக வேண்டும். இதுதான் அவர் தீர்ப்பு.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் இந்த வாசலில் தலை நிமிர்ந்து போய் வந்தவன். நேற்று காவலாளி என் கைப்பையைத் திறந்து பார்த்தார். கைப்பையில் காரைத் தேடுகிறார்கள்! சிரிப்பு வருகிறது, சிரித்தால் திருடன் சிரிக்கிறான் என்பார்கள். என்னோடு டீ குடித்தவர்களே நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். திருட்டுப் பட்டத்தோடு வீட்டில் போய் உட்கார என்னால் முடியாது. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், மற்ற வேலையைப் போட்டுவிட்டு உடனே வந்து அந்தக் காரை அழித்துக் கொடுங்கள். மேலாளரிடம் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். கெட்டிக்காரர் என்று நான் சொன்னதைக் காப்பாற்றுங்கள். தங்கையிடம் மட்டும் சொல்ல வேண்டாம், அவள் அழுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள். இரண்டையும் இப்போது என்னால் தாங்க முடியாது.

உங்கள் இருவருக்கும் என் அன்பும் ஆசியும். கன்வேயர் நிற்காமல் ஓடுவது போல உங்கள் குடும்பமும் ஓடட்டும் என்று எழுதலாம் என்று பார்த்தேன், வேண்டாம், அதைவிட நன்றாகவே ஓடட்டும்.

இப்படிக்கு,
மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று போனேன். எழுந்து நின்று கை கொடுத்தார். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து ஒரு குற்றம்கூட இல்லாமல் தரச் சோதனையைத் தாண்டிய ஒரே கார் அந்த இளநீலம்தானாம், தலைமை அலுவலகமே அசந்துபோயிருக்கிறதாம். "இப்படி ஒரு வண்டி செஞ்ச ஷிப்டுல திருட்டு நடக்குமா? செக்யூரிட்டிக்குத்தான் எண்ணத் தெரியல" என்று சொல்லி, என்னை எல்லா ஷிப்டுக்கும் தலைமையாகப் போட்டுவிட்டார். சனிக்கிழமை பெரியவர்கள் அந்தக் காரைப் பார்க்க வருகிறார்கள். ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரவும் வேண்டாம், காரை அழிக்கவும் வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம். விற்ற காரை யாரும் காட்டச் சொல்லிக் கேட்க மாட்டார்கள் என்பதால், இன்று காலை நானே அதை உங்கள் பெயருக்கு விற்றுவிட்டேன். ஊழியர் உறவினருக்குத் தள்ளுபடி உண்டு. மென்பொருள் சாவிகூடச் செய்து வைத்திருந்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் தவணை ஒன்றாம் தேதி.