ரோஷத்துக்கு எவ்வளவு கழிக்கிறது?

வேலையை விடுவதற்கு ரோஷம் இருந்தால் போதும். கடைசிச் சம்பளத்தை வாங்கத்தான் அது கொஞ்சமும் இருக்கக் கூடாது. இதை யாராவது எனக்கு அறுபதுகளிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்து ஜவுளிக்கடை ஒன்றில் வேலை கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி வழக்கம்போல, "கணக்கு, வந்தவங்களுக்கு டீ சொல்லிட்டு வாய்யா" என்றார். அவ்வளவுதான்.

"டீ வாங்கவா எஸ்.எஸ்.எல்.சி. படிச்சேன்? வேலைய வுட்டுட்டேன். இனிமே இந்த மண்டியில என் காலு படாது!"

(அதுவரை வருஷக்கணக்காக வாங்கி வந்த டீ அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.)

மாசம் முடிந்ததும்தான் மகாபிரபு எனக்கு உறைத்தது, சம்பளம் மண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று. சிதம்பரத்தில் பார்த்த வீட்டுக்கு அதுதான் அட்வான்ஸ். சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். ரயிலடிக்குப் போகிற வழியில் குதிரை வண்டியை மண்டி வாசலில் நிறுத்தினேன். வண்டிக்குள் புது மனைவி கமலா, மடியில் ஸ்டவ்வோடு. நான் தெருவில் நின்றபடியே கம்பீரமாகக் கையை நீட்டினேன்.

"வாசப்படிக்கு அந்தாண்ட நிக்கிற ஆளுக்குப் பணம் குடுத்தா லட்சுமி போயிடுவா. உள்ள வாய்யா" என்றார் முதலாளி.

"காலு படாதுன்னு சொல்லிட்டேன்."

"அடடா, பெரிய மனுசன்! சொன்ன சொல்லு தவறலாமா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, கணக்கு காலு தரையில படாம உள்ள கொண்டாங்க."

ரெண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கினார்கள். எங்கே இறக்குவது? தொங்குதராசின் தட்டில் உட்கார வைத்தார்கள். உள்ளே வந்த எதையும் நிறுக்காமல் விட்டு எடைக்காரர் மாணிக்கத்துக்குப் பழக்கமில்லை. மறு தட்டில் கல்லை ஏற்றிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"மொதலாளி! மூட்டைன்னா சாக்கு எடைய கழிச்சிடுவோம். இவரு ரோஷத்துக்கு எவ்ளோ கழிக்கிறது?"

மண்டியே சிரித்தது. வெளியே நின்ற குதிரை மட்டும்தான் மரியாதை தெரிந்த ஜீவன். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்துப் போட்டேன். முதலாளி ஒரு பைசா குறைக்கவில்லை, மேலே பத்து ரூபாய் வைத்து, "புதுக் குடித்தனம், நல்லாயிருங்க" என்றார். (திட்டியிருந்தால்கூடத் தேவலை.) போன மாதிரியே தூக்கிவந்து வண்டிக்குள் இறக்கிவிட்டார்கள்.

சிதம்பரம் வரைக்கும் கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். பாவம், எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். அட்வான்ஸைக் கொடுத்துச் சாவி வாங்கிக் கதவைத் திறந்ததும், "நடந்து வரீங்களா, ஆளு கூப்புடவா?" என்றாள்.

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு, "இனிமே இந்த வீட்ல சாப்புட மாட்டேன்" என்று தெருவில் போய் நின்றால், கமலா மகன்களைக் கூப்பிடுவாள். "டேய், அப்பா பசியோட நிக்கிறாரு. காலு படாம தூக்கியாந்து எல முன்னால வைங்கடா."

பாவிகள், தூக்கிக்கொண்டும் வருகிறார்கள்.