நான் எழுதிய சொல்வதெழுதுதல்

என் மனைவி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுகிறவன். அதாவது, எழுத்துப்பிழையை அவள் திருத்துகிறாள். நான் உற்பத்தி செய்கிறேன்.

அன்று மாலை நாற்பது விடைத்தாள்களோடு வந்தவள், "ரொம்ப அலுப்பா இருக்குங்க. இன்னிக்கு நீங்க பாத்திரம் கழுவுங்களேன்" என்றாள்.

என் வாயில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ரெண்டு சுழி ன, மூணு சுழி ண சொல்லிக் குடுக்கிறதுக்கு இவ்வளவு அலுப்பா?"

"அப்படியா? நாளைக்குப் பிள்ளைங்களுக்கு வைக்கிற சொல்வதெழுதுதலை இன்னிக்கு நீங்க எழுதுங்க. பத்து வார்த்தை. பத்தும் சரின்னா இனிமே பாத்திரத்தைத் தொடவே வேண்டாம்."

"தப்பாயிட்டா?"

"ஒரு மாசம் நீங்கதான்."

"ஒரு மாசமென்ன, ஒரு வருஷம்னே வெச்சுக்கோ!"

சனிக்கு இடம் பிடித்துப் போய்விட்டது.

அவள் குளிக்கப் போனாள். கைப்பை மேஜைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்குத் தமிழ் பயம் கிடையாது. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு எட்டிப் பார்த்தேன். மேலாகவே ஓர் அச்சடித்த தாள். தலைப்பு பின்பக்கமாக மடிந்திருந்தது. கீழே பத்துச் சொற்கள். முயற்ச்சி, அதற்க்கு, பன்னிரெண்டு, எண்ணை...

'முயற்சி'க்கு நடுவில் ஒரு 'ச்' உண்டா? இத்தனை வருஷமாக ஒரு 'ச்' குறைவாகவே முயன்றிருக்கிறேன்! பதவி உயர்வு எப்படி வரும்? அச்சடித்த தாள் பொய் சொல்லுமா? பத்தையும் மனப்பாடம் செய்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல, அதே வரிசையில் மின்னலாய் எழுதினேன். சிவப்புப் பேனா பத்து முறை கீறியது.

"பத்துக்குப் பூஜ்யம்."

"அதெப்படி? உன் தாள்லயே அப்படித்தானே அச்சடிச்சிருந்தது!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நிதானமாகத் தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தாள். 'கீழுள்ள சொற்களில் பிழைகளைத் திருத்தி எழுதுக.'

"நீதானே மடிச்சு வெச்சே?"

"பையைத் திறந்து வெச்சதும் நான்தான். ஒற்றுப்பிழையைக்கூட மன்னிச்சிடலாம். ஒற்றன் வேலையிலயுமா இவ்வளவு பிழை?"

"சரி, விடு. பாத்திரம் எங்கே?"

"அது இருக்கட்டும். பூஜ்யம் வாங்கினா பெத்தவங்க கையெழுத்து வேணும், எங்க வகுப்புல அதான் சட்டம். அத்தை உள்ளேதான் இருக்காங்க, போங்க."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்துச் சொற்களையும் படித்தாள். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"மூணாங்கிளாஸ்லயும் இவன் இதே மார்க்குதாம்மா" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.